வாங்கிக் கொள்ளத் தெரியுமா?

"உங்களுக்குக் கொடுக்கத் தெரியுமா?" என்று யாராவது உங்களிடம் கேட்டால் கோபம் வரும். வர வேண்டியதுதான். அகாலத்தில் வந்த விருந்தாளிக்கு அரிசி களைந்து உலையில் போட்ட கைகள் அல்லவா உங்களுடையவை! ஆனால், "உங்களுக்கு வாங்கிக் கொள்ளத் தெரியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சற்று யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்தேன். எனக்குத் தெரியாது என்றுதான் பதில் வந்தது. இந்தக் கேள்வியை என் மண்டைக்குள் போட்டுவிட்டுப் போனவள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஜெர்மானியப் பெண்.

இது நடந்த இடம் பூதலூர். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பாசஞ்சர் வண்டி நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பல, பணக்கார உறவினர் மாதிரி, பார்த்தும் பாராமல் போய்விடும். ஐப்பசி மாதத்தில் அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். கல்லணைக் கால்வாயில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் ஓடும். அந்த ஊரில் என் அத்தை இருக்கிறாள். தீபாவளிக்கு அங்கே போவது எங்கள் வீட்டு வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு முதல் நாள் மாலை. மழை 'சோ'வென்று கொட்டிக்கொண்டிருந்தது. ரயிலடி டீக்கடைக்காரர் ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு பெண், சொட்டச் சொட்ட நனைந்து, ஆனையைப் போன்ற ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கல்லணையைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிற வழியில் பின் சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டதாம். பஞ்சர் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டார். "ஒங்க வீட்டுக்கு மெட்ராஸ்லேருந்து இங்கிலீஷ் படிச்ச பொண்ணு வந்திருக்குதுன்னாங்க. அதான் கூட்டியாந்தேன்" என்றார் டீக்கடைக்காரர். இங்கிலீஷ் படித்ததற்கு எனக்கு ஊரில் இப்படியாவது ஒரு மரியாதை!

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். துவட்டிக்கொள்ளத் துண்டும், உடுத்திக்கொள்ள என் சுடிதாரும் கொடுத்தோம். சூடாகக் காப்பி குடித்தாள். குடித்து முடித்ததும் முதல் காரியமாகத் தன் தோல் பையைத் திறந்து, "ஓர் இரவுக்கு எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள்.

"என்னடி சொல்லுது?" என்றாள் அத்தை.

"வாடகை எவ்வளவுன்னு கேக்குறா, அத்தை."

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனாள். ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். ஒன்றை எடுத்து உரித்துக் காட்டினாள். "விடிஞ்சா இட்லிக்குச் சாம்பார் வைக்கணும். உரிச்சுக் குடு தாயி" என்றாள்.

மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அந்தப் பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் கண்ணும் மூக்கும் சிவந்து தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு, கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தாள். வாடகைப் பேச்சு அதற்குப் பிறகு எழவேயில்லை.

அந்த முறத்தைப் பற்றித்தான் நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றியவர்கள் பலர் உண்டு. பெண்களும் உண்டு. ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுக்காரி 1973-ல் 125 ஸி.ஸி. வண்டி ஒன்றில் கிளம்பினாள். நம் அண்டை ராஜ்யமான கர்நாடகத்தைச் சேர்ந்த காண்டிடா லூயிஸ் பெங்களூரிலிருந்து சிட்னி வரைக்கும் தனியாகவே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் என் மனசில் அதிகமாக ஒட்டிக்கொண்டவள் எல்ஸ்பெத் பியர்ட் என்ற இங்கிலீஷ்காரி.

லண்டனில் கட்டிடக் கலை படித்துக்கொண்டிருந்த இந்தப் பெண் 1982-ல் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளைக் கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. அமெரிக்காவைக் கடந்தாள். கையில் காசு தீர்ந்ததும் சிட்னியில் ஏழு மாதம் ஒரு கட்டிடக் கலை அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். சாமான்களை வைத்துப் பூட்ட அலுமினியப் பெட்டிகளைத் தானே செய்து வண்டியில் பொருத்தினாள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் சிங்கப்பூரில் பாஸ்போர்ட் முதலிய அத்தனை காகிதங்களும் களவு போயின. அவற்றை மறுபடி வாங்குவதற்குள் ஆறு வாரம் ஆகிவிட்டது.

அப்புறம் தாய்லாந்து. அங்கே சாலையின் குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தது. நாயின் மேல் மோதி, வண்டி போய் மரத்தில் மோதியது. நல்ல அடி. பக்கத்தில் இருந்த ஓர் ஏழைக் குடும்பம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் குடிசையில் கிடத்தியது. இரண்டு வாரம் அவளை வைத்துக் காப்பாற்றினார்கள். அவளுடைய பாஷையில் ஒரு வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பாஷையில் ஒரு வார்த்தை இவளுக்குத் தெரியாது. புறப்படுகிற சமயத்தில்தான் அவள் சமையல் செய்கிற இடத்தைப் பார்த்தாளாம். அங்கே அந்த நாயின் மிச்சம் மீதி கிடந்தது. இரண்டு வாரமாகத் தனக்குப் பரிமாறப்பட்டது எது என்று அப்போதுதான் புரிந்தது!

முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் முதலில் சுளித்தேன். பிறகு யோசித்தேன். ஏழைக் குடும்பம். எதிர்பாராமல் ஒரு வாய் கூடிவிட்டது. அதுவும் உடம்பு தேற வேண்டிய வாய். கையில் என்ன இருந்ததோ அதைச் சமைத்துப் போட்டார்கள். அவளைப் பட்டினி போட்டுவிட்டுத் தாங்கள் சாப்பிடவில்லையே! நம் வீட்டுக்கு அடிபட்ட அந்நியன் ஒருவன் வந்து சேர்ந்தால் இரண்டு வாரம் வேண்டாம், இரண்டு நாள் வைத்துக்கொள்வோமா? ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வோம். அதுவும் நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு.

எல்ஸ்பெத் அதற்குப் பிறகு பினாங்கிலிருந்து கப்பல் ஏறி நம்முடைய சென்னைக்கு வந்தாள். இந்தியாவைச் சுற்றினாள், நேபாளம் போனாள். 1984-ல், பஞ்சாப் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்தப் பொல்லாத வருஷத்தில், பாகிஸ்தான், ஈரான் வழியாக ஊர் திரும்பினாள். மொத்தம் 35,000 மைல். உலகத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண்மணி என்ற பெயர் அவளுக்கு இன்று இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தபோது, "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கதையை அவள் புஸ்தகமாக வெளியிட்டது 2017-ல். நடுவில் கட்டிடக் கலை நிபுணராகிப் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றை வீடாக மாற்றிக் குடியேறிவிட்டாள். இந்தக் கோபுர விஷயம் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாததுதான். இருந்தாலும் எனக்குப் பிடித்தது, சொல்லிவிட்டேன்.

இன்னொருவர் டெட் ஸைமன். பத்திரிகைக்காரர், ஆகையால் எனக்குக் கொஞ்சம் உறவு முறை. 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து 500 ஸி.ஸி. 'டிரையம்ப்' வண்டியில் கிளம்பி, நாலு வருஷம், நாற்பத்தைந்து தேசங்கள் சுற்றினார். பிரேஸிலில் ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில்கூட வைத்தார்கள். ஆரம்பத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவருக்கு ஆத்திரமாக வருமாம். பிரயாணம் தடைப்படுகிறதே என்று பதறுவாராம். போகப் போகத்தான் தெரிந்தது: வண்டி நின்ற இடங்களில்தான் மனிதர்கள் கிடைத்தார்கள், வண்டி ஓடிய இடங்களில் சாலை மட்டும்தான் கிடைத்தது.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது, கவனித்தீர்களா? காரில் போகிறவனைச் சுற்றிக் கண்ணாடி இருக்கிறது. அவன் ஊருக்குள் வந்தாலும் வராதவன் மாதிரிதான். பஸ்ஸில் போகிறவனுக்கு ஐம்பது பேர் துணை. மோட்டார் சைக்கிளில் தனியாக வருகிறவனுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை. நம் மழைதான் அவனுக்கும் மழை. நம் தெருப் புழுதிதான் அவன் முகத்திலும். ஆகையால் அவனைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. வாங்கிக்கொள்ளாமல் அவனாலும் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ஆனால் வாங்குவதற்கும் துணிச்சல் வேண்டும். இதற்கு நம் தேசத்து உதாரணம் ஒன்று உண்டு. அவர்கள் மோட்டார் சைக்கிளில் போகவில்லை; கால்நடையாகப் போனார்கள். சதீஷ் குமார், இ. பி. மேனன் என்று இரண்டு வாலிபர்கள். அணுகுண்டு வேண்டாம் என்று வல்லரசுகளின் தலைநகரங்களுக்கு நடந்தே போய்ச் சொல்லுவதென்று 1962 ஜூன் மாதம் டில்லியில் காந்திஜியின் சமாதியிலிருந்து புறப்பட்டார்கள். வினோபாஜியிடம் ஆசி வாங்கப் போனபோது அவர் சொன்ன யோசனை: கையில் காசு எடுத்துப் போகாதீர்கள். காசு இருந்தால் களைத்துப் போனதும் ஹோட்டலைத் தேடுவீர்கள். இல்லாவிட்டால் மனிதர்களைத் தேடுவீர்கள் என்பது அதன் தாத்பரியம்.

பாகிஸ்தான் எல்லை வந்தது. வழியனுப்ப வந்த ஒரு சிநேகிதர் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொடுத்தார். எதிரி நாட்டில் யார் சோறு போடுவார்கள் என்று அவருக்குக் கவலை. சதீஷ் குமார் அவற்றை வாங்க மறுத்துவிட்டார். அங்கே போய் ஒரு வீட்டில் தங்கும்போது, உங்கள் சோற்றில் நம்பிக்கையில்லாமல் கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறோம் என்று காட்டுவதா என்று அவர் நினைத்தார். சிநேகிதர் கண் கலங்கிவிட்டார். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு மனிதர் ஓடிவந்து, "சமாதானத்துக்காக நடக்கிற இரண்டு பேர் நீங்கள்தானா?" என்று கேட்டு லாகூரில் தம்முடைய வீட்டுக்கு அழைத்தாராம்.

சோவியத் ஜார்ஜியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்தி நாலு தேயிலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நாலு ஊர்த் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தலாம் என்று எப்போதாவது தோன்றினால், ஒரு நிமிஷம் நிறுத்தி இந்தத் தேநீரைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாளாம். பெரிய ராஜதந்திரிகளுக்கெல்லாம் தோன்றாத இந்த யோசனை ஒரு தொழிலாளிப் பெண்ணுக்குத்தான் தோன்றியிருக்கிறது! பொட்டலங்கள் அந்தந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று, 8,000 மைல். கடலைத் தாண்டியதற்குக் கப்பல் டிக்கெட்டும் அன்பளிப்புத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் பெண்ணை நாளைக்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 மார்ச்சில் ஜார்க்கண்ட் ராஜ்யத்துத் தும்காவில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. மோட்டார் சைக்கிள்களில் உலகம் சுற்றி வந்த ஸ்பெயின் தேசத்துத் தம்பதிகள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இடத்தில், அந்தப் பெண்மணிக்கு ஒரு கும்பல் இழைத்த கொடுமையைப் பத்திரிகைகளில் படித்தபோது நாம் எல்லாருமே தலை குனிந்தோம். அதற்குப் பிறகும் அந்தப் பெண்மணி, இந்திய மக்கள் நல்லவர்கள், குற்றவாளிகளைத்தான் குறை கூறுகிறேன் என்று சொன்னாள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் வழியெல்லாம் தனக்குக் கிடைத்த அன்பையும் அவள் மறக்கவில்லை. அவளுக்கு இருந்த பெருந்தன்மைக்கு நாம் எந்த விதத்தில் பாத்திரமானோம் என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் ரயிலடி டீக்கடைக்காரர் மழையில் நின்ற பெண்ணை நேரே ஒரு குடும்பத்தின் வாசலில் கொண்டுவந்து விட்டாரே, அந்தப் புத்தி எவ்வளவு பெரியது என்பது இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது.

சரி, பூதலூருக்குத் திரும்புவோம்.

தீபாவளி அன்று விடியற்காலை நாலு மணிக்கு அத்தை எல்லோரையும் எழுப்பிவிட்டாள். விருந்தாளிக்கும் விலக்கு இல்லை. கூடத்தில் மணை போட்டு உட்காரவைத்து, உள்ளங்கை நிறைய நல்லெண்ணெயை எடுத்து அந்தச் செம்பட்டைத் தலையில் வைத்துத் தேய்த்தாள் பாருங்கள்! அந்தப் பெண் முதலில் திடுக்கிட்டுப் போனாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மாதமாக ஓட்டிக்கொண்டு வருகிறாளாம். இந்த நாலு மாதத்தில் தன் தலையை யாரும் தொடவில்லை என்று அப்புறம் என்னிடம் சொன்னாள். தீபாவளி லேகியத்தை வாயில் போட்டபோது மட்டும், வாங்கிக்கொள்ளுகிற கலையில் அவளுக்கு இன்னும் தேர்ச்சி போதாது என்று தெரிந்தது!

எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு எப்போதோ படித்த சமாசாரம் நினைவுக்கு வந்தது. தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ல் கம்பெனியின் ரெஸிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யத்தின் நிர்வாகம் 1799-லேயே கும்பினியார் கைக்குப் போய்விட்டது. ராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்காகத் தம் முன்னோர் கட்டிவைத்த சத்திரங்களின் மானியத்திலாவது கை வைக்காதீர்கள் என்பது கடிதத்தின் சாரம். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் அவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். வருகிற யாத்ரிகர் எந்த ஜாதியானாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் உண்டு. நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். நோயாளிக்கும் விஷக் கடிக்கும் வைத்தியர் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி வந்துவிட்டால் பிரசவம் பார்த்து அனுப்புவார்கள். குழந்தைக்குப் பால். வழியில் பெற்றோரைப் பறிகொடுத்த அநாதைப் பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைத்து மூன்று வேளைச் சோறு போட்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்த்து விடுவார்கள்!

ஒரு ராஜா, அந்நிய அதிகாரிக்கு எழுதுகிற முக்கியமான கடிதத்தில், அநாதைப் பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைக்கிற சமாசாரத்தை மறக்காமல் எழுதுகிறார். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்தச் சத்திரங்களில் பல, பெண்களின் பெயரால் ஏற்பட்டவை. ஒரத்தநாட்டுச் சத்திரம் சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரால் ஏற்பட்டது. அந்த ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் இருந்தது. நீடாமங்கலம், யமுனாம்பாள்புரம்.

பெருமை பேசுகிறபோது மற்றதையும் சொல்லிவிட வேண்டும். ராஜாவின் சத்திரத்தில் எல்லா ஜாதிக்கும் சோறு உண்டு. ஊரார் வீட்டுத் திண்ணையில் அப்படியா? வயலில் நாற்று நட்டவளுக்குக் கை குவித்துத் தண்ணீர் வார்த்த தெருக்களும் இதே காவிரிப் பாசனத்தில்தான் இருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்தவளை மணைபோட்டு உட்காரவைக்க எங்களுக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. இதே தெருக்களில், பக்கத்துத் தெருக்காரி அப்படி வந்து உட்காருவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று! அத்தையிடம் இதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "எங்க மாமியார் காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. நானும்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

அன்று மத்தியானம் விருந்தாளி தூங்கும்போது நான் அத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, அந்த வெங்காய முறம் யோசனை உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"கையில ஒரு வேலையும் இல்லாம ஒருத்தர் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டா தொண்டையில இறங்குமாடி? நமக்கு இறங்காதுல்ல? அப்ப அதுக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

"அது சரி. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

அத்தை கொஞ்சம் தயங்கினாள். பிறகு கஜாப் புயல் கதையைச் சொன்னாள்.

2018 நவம்பர் 15-ஆம் தேதி போய் 16-ஆம் தேதி பிறக்கிற இரவில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய அந்தப் புயலை டெல்டாக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு சீமைகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. பிள்ளையைப் போல் வளர்த்த மரங்கள். வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தையின் பெண்ணை ஒரத்தநாட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. பெண்ணையும் பேரப் பிள்ளைகளையும் பார்க்கப் போன அத்தை அங்கேயே தங்கிவிட்டாள்.

நாலாம் நாள் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்ததாம். மெழுகுவத்தி, ரொட்டி, பாய், போர்வை. ஊரே சாலையில் வரிசை கட்டி நின்றது. அத்தை மட்டும் போகவில்லை. "ஒரு ஆளு கிட்ட கை நீட்டினதில்லடி எம் பரம்பரையில. நெல்லு அளந்து போட்ட கை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துட்டேன். பேரன் பசியில அழுவுறான். எனக்கு வெளிய போவ கால் வரல்ல."

அப்போது ஒரு பையன் வந்து கதவைத் தட்டினானாம். கல்லூரியில் படிக்கிற வயசு. கையில் ஒன்றும் இல்லை.

"ஏனுங்கம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

அடிபம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அத்தை செம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தாள். குடித்தான். இன்னொரு செம்பு கேட்டான். அதையும் குடித்துவிட்டு, "உங்க ஊர்த் தண்ணி நல்லா இருக்குதுங்கம்மா" என்றான். பிறகு தெருவுக்குப் போய் இரண்டு கட்டு மெழுகுவத்தியும் ரொட்டியும் ஒரு போர்வையும் எடுத்துவந்து திண்ணையில் வைத்தான். "தண்ணிக்குப் பதிலுங்க" என்று சிரித்தானாம்.

"லாரி நெறைய பாட்டில் தண்ணி வெச்சிருந்தானுவடி" என்றாள் அத்தை. "நான் அப்புறம்தான் பாத்தேன்."

அந்தப் பையனின் பெயரைக்கூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. போர்வை இன்றும் அத்தை வீட்டில் இருக்கிறது. முதல் நாள் இரவு ஜெர்மானியப் பெண்ணுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தது அதுதான்.

வாசகிகளே, உங்களைக் கேட்கிறேன். நம்மில் எத்தனை பேர், அடுத்தவர் சமைத்துப் போட்டதைக் கூச்சமில்லாமல் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கிறோம்? பிறந்த வீட்டுக்குப் போனாலும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குத்தானே போகிறோம்? கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்திதான். யாராவது நம் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ள வந்தால், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இழுத்துக்கொள்கிறோம். இது அடக்கமா, கர்வமா? என்னைப் பொறுத்த வரையில் முக்கால்வாசி கர்வம்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குக் காவல் வந்த ஓர் அம்மாள் எனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று மூன்று நாள் மறுத்தேன். நாலாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கஞ்சியை இன்றைக்கு நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

தீபாவளி அன்று சாயங்காலம் பஞ்சர் கடைக்காரர் மாமியார் வீட்டிலிருந்து திரும்பிவிட்டார். சேதி தெரிந்து, கட்டியிருந்த புது வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமான் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, ஒட்டுப் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம். பணம் வாங்க மாட்டேன் என்றார். "நல்ல நாளும் அதுவுமா மொத வேலைங்க இது" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அத்தை தட்டில் அடுக்கி வைத்திருந்த அதிரசத்தையும் முறுக்கையும் எடுத்து, தானே அவர் கையில் கொடுத்தாள். பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தாள்.

மறு நாள் காலை புறப்பாடு. பையையெல்லாம் கட்டியாயிற்று. அவளுக்கு மனசு கேட்கவில்லை. "உன் அத்தைக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். என்ன வேண்டும் என்று கேள். ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது" என்றாள்.

கேட்டேன். அத்தை ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மோட்டார் சைக்கிளை ஒரு தடவை முன்னும் பின்னும் பார்த்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"ஆத்தங்கரை மட்டும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வரச் சொல்லுடி" என்றாள்.

அறுபத்து மூன்று வயசு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி முழங்கியது. தெருவில் அத்தனை வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். கால்வாய்க் கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. இறங்கும்போது கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. மூச்சு வாங்கியது. முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது.

"எப்படி இருந்துச்சு, அத்தை?" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம்.

அத்தை வாசற்படியில் கால் வைத்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"அடுப்புல பால் வெச்சுட்டுப் போனேனே, ஒருத்தியாவது பாத்தீங்களாடி?"

யாரும் பார்க்கவில்லை. பால் முழுக்கப் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து போயிருந்தது.